பிரிந்த பிறகு பிள்ளையைப் பார்ப்பது: கோர்ட் என்ன தரும், எப்படிக் கேட்க வேண்டும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். பிரிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆறு வயது மகள் திருச்சியில் அம்மாவோடும் தாத்தா பாட்டியோடும் இருக்கிறாள், அங்கேயே ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். உங்களுக்குச் சென்னையில் வேலை. மனைவி திருச்சி குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டிருக்கிறார். சில மாதங்களாகப் போனை எடுப்பதில்லை. நேரில் போனால் மாமனார் கதவைத் திறப்பதில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். "அஞ்சு வயசு முடிஞ்சிருச்சுல்ல, இனி சட்டப்படி அப்பாகிட்டதான்" என்கிறார் ஒருவர். "ஹேபியஸ் கார்பஸ் போடு" என்கிறார் இன்னொருவர். "பணம் அனுப்புறதை நிறுத்து, தானா இறங்கி வருவாங்க" என்கிறார் மூன்றாமவர். கஸ்டடி கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி.

குடும்ப நீதிமன்ற வழக்குகளே என் அன்றாட வேலை என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். இன்றைய நிலையில் முழு கஸ்டடி உங்களுக்குக் கிடைப்பது கடினம். மகளோடு ஒழுங்கான, நாள் குறித்த நேரம் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை, கேட்கிற விதத்தில் கேட்டால். நிறைய அப்பாக்கள் முதலாவதைக் கேட்டு வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைகிறார்கள். அதற்குள் பிள்ளைக்கு அப்பா முகமே அந்நியமாகிவிடுகிறது. பிறகு முதலாவதும் போகிறது, இரண்டாவதும் போகிறது.

அந்த மூன்று யோசனைகளை முதலில் பார்த்துவிடுவோம். ஐந்து வயதுக் கதை 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவிலிருந்து வருகிறது. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஐந்து முடிந்ததும் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. நடைமுறையில் எல்லா வழக்கும் அந்தப் பிரிவில்தான் வந்து நிற்கும். 6-ஆம் பிரிவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. "தந்தை, அவருக்குப் பின் தாய்" இயற்கைக் காப்பாளர் என்று எழுதியிருப்பதை, தந்தை இறந்த பிறகுதான் தாய் என்றே வெகுகாலம் படித்துவந்தார்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிராகப் போட்ட வழக்கில், 1999-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாசிப்பை ஒதுக்கிவிட்டது. தந்தை பொறுப்பில் இல்லாத நிலையில், அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் காப்பாளராகலாம். ஆகவே "நான்தான் சட்டப்படி கார்டியன்" என்ற வரியை மனுவில் முதல் வரியாக எழுத வேண்டாம். நீதிபதிக்கு அது எரிச்சலைத்தான் தரும்.

ஹேபியஸ் கார்பஸ் என்பது குழந்தை சட்டவிரோதமாக யாரிடமோ பிடிபட்டிருக்கும்போது உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. பெற்ற தாயிடம், தாத்தா வீட்டில், பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிற குழந்தை அந்தக் கணக்கில் வராது. இம்மாதிரி மனு எப்போது நிற்கும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது; மற்றதெல்லாம் காப்பாளர் சட்டப்படிப் போய்க் கேட்க வேண்டிய விஷயம். நீங்கள் போட்டால் மதுரைக் கிளையில் ஒருநாள் எல்லோரையும் வரவழைத்து, "குடும்ப நீதிமன்றத்துக்குப் போங்கள்" என்று முடித்துவிடுவார்கள். உங்களுக்கு மிஞ்சுவது, போலீஸ் வீட்டுக்கு வந்ததைப் பார்த்துப் பயந்துபோன மகள். பள்ளி வாசலில் நின்று தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், அந்த ஆளிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள்.

பணத்தை நிறுத்தும் யோசனைதான் மூன்றிலும் மோசம். குழந்தையின் ஜீவனாம்சமும் குழந்தையைப் பார்க்கும் உரிமையும் சட்டத்தில் தனித்தனிப் பாதைகள். பார்க்க விடவில்லை என்பதால் பணத்தை நிறுத்த முடியாது, பணம் வரவில்லை என்பதால் பார்க்கவிடாமல் தடுக்கவும் முடியாது. நிறுத்தினால், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவாகிவிட்ட அந்த ஜீவனாம்ச மனு உங்கள் மேல் வரும். அதைவிட முக்கியம், பார்வை நேரம் கேட்கிற உங்கள் மனுவுக்கு எதிர்மனுவில் முதல் பத்தியே "இத்தனை மாதமாக ஒரு பைசா தரவில்லை" என்றிருக்கும். வழக்கு இருக்கிறதோ இல்லையோ, மாதாமாதம் வங்கி வழியாக அனுப்புங்கள். கையில் கொடுக்காதீர்கள், மச்சான் மூலம் கொடுத்தனுப்பாதீர்கள். பள்ளிக் கட்டணத்தை நேரே பள்ளிக் கணக்கில் கட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

இனி கோர்ட் எப்படிப் பார்க்கும் என்பது. குழந்தையின் நலன் என்ற சொல்லைக் கேட்டவுடன் பலர் சம்பளச் சீட்டை எடுக்கிறார்கள். என் சம்பளம் அதிகம், என் வீட்டில் மூன்று பெட்ரூம், சென்னையில் நல்ல பள்ளி இருக்கிறது என்பார்கள். பணம் ஒரு காரணம்தான், ஆனால் எடை குறைந்த காரணம். பணக்காரப் பெற்றோர் பணத்தை ஜீவனாம்சமாகத் தரட்டும் என்பதே நீதிமன்றங்களின் பழகிப்போன பதில். நீதிபதி கவனிப்பது வேறு. குழந்தை இப்போது எங்கே வேரூன்றி இருக்கிறது, காலையில் தலைவாரி விடுவது யார், காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் யார் கூட்டிப் போகிறார்கள், நீங்கள் வேலைக்குப் போன பிறகு பகலில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள். ஒரு வருடமாகத் திருச்சியில் சீராக ஓடும் ஒரு வாழ்க்கையைக் கலைக்க, கலைப்பதற்கு வலுவான காரணம் வேண்டும். "நான் அப்பா" என்பது அந்தக் காரணம் ஆகாது.

அதே கோர்ட், அப்பாவை வெட்டிவிடவும் சம்மதிக்காது. 1973-ல் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையுமல்ல, விளையாட்டுப் பொருளுமல்ல என்று உச்ச நீதிமன்றம் எழுதியது இன்றும் ஒவ்வொரு வக்கீலின் வாதத்திலும் வருகிறது. அந்தத் தீர்ப்பின் இன்னொரு பாதிதான் உங்களுக்குத் தேவை: கஸ்டடி உத்தரவு எதுவும் இறுதியானதல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றிக்கொள்ளலாம். இன்று உங்களுக்குக் கிடைப்பது மாதம் இரண்டு சனிக்கிழமை என்றால், அதுவே உங்கள் தலையெழுத்து என்று இல்லை. அந்தச் சனிக்கிழமைகளை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதுதான் அடுத்த உத்தரவுக்கு ஆதாரம்.

எங்கே போடுவது? திருச்சியில்தான். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டம், குழந்தை சாதாரணமாக வசிக்கும் ஊர் நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம் என்கிறது. "சென்னையில் போட்டு அவங்களை அலையவிடுவோம்" என்று யாராவது ஐடியா கொடுத்தால், அதிகார எல்லை பற்றிய வாதத்திலேயே ஒரு வருடம் ஓடிவிடும். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே திருச்சியில் இருப்பதால், அதிலேயே இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி ஒரு இடைக்கால மனு போடலாம். இந்த 1890 சட்டப்படித் தனியாக ஜி.டபிள்யூ.ஓ.பி. என்ற மனு போடுவதும் உண்டு, அது காப்பாளர் உரிமையை முழுதாகக் கேட்கும் பெரிய வழக்கு, சாட்சி, குறுக்கு விசாரணை என்று நீளும். உங்கள் அவசரம் மகளைப் பார்ப்பது. ஆகவே முதலில் இடைக்கால மனு. அதில் வரும் உத்தரவின் மேல் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி அப்பீல் கிடையாது. பிடிக்காவிட்டால் மதுரைக் கிளையில் சீராய்வு மனுவாகத்தான் போக வேண்டும், இது இரு தரப்புக்கும் பொருந்தும். கிறிஸ்தவர்களுக்கும், சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கும் பிரிவு எண்கள் மாறும். முஸ்லிம்களுக்கு ஹிஸானத் என்று தாயின் வளர்ப்புரிமைக்குத் தனி விதி உண்டு. ஆனாலும் விசாரணை முடியும் இடம் அதே நலன்தான்.

மனு பதிவாகி எண் கிடைத்து, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதும், பெரும்பாலும் கவுன்சலிங்குக்கு அனுப்புவார்கள். சமரசத்துக்கு முயல்வது குடும்ப நீதிமன்றத்தின் சட்டபூர்வமான கடமை, சம்பிரதாயம் என்று எண்ணி அலட்சியமாகப் போகாதீர்கள். சிலர் அங்கே உட்கார்ந்து மாமனார் கல்யாணத்தில் பேசியதிலிருந்து ஆரம்பிப்பார்கள். கவுன்சலர் கேட்பது ஒன்றுதான்: குழந்தையை எப்போது, எங்கே பார்க்க வேண்டும்? அதற்கு உங்களிடம் எழுதிய காகிதம் இருந்தால் பாதி வேலை அன்றே முடிந்துவிடும். நீதிமன்றத்தோடு இணைந்த மத்தியஸ்த மையம் இந்தியாவிலேயே முதலில் வந்தது சென்னை உயர் நீதிமன்றத்தில்தான், 2005-ல். இன்று மாவட்டங்களிலும் மீடியேஷன் இருக்கிறது. விவாகரத்தில் ஒத்துவராத தம்பதிகள்கூட அங்கே குழந்தை விஷயத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போவதுண்டு.

முதல் சில சந்திப்புகள் பெரும்பாலும் குடும்ப நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே, குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய அறையில் நடக்கும். அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சுவரில் மங்கிப்போன கார்ட்டூன் படங்கள், மூலையில் சக்கரம் போன பிளாஸ்டிக் கார்கள், ஒரு மேசை, அதன் மேல் வந்த நேரமும் போன நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு ரிஜிஸ்டர். அம்மா குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வாசலில் நிற்பார், குழந்தை அவர் துப்பட்டாவின் முனையை விடாது. அப்பா கடைப் பையோடு வந்திருப்பார், உள்ளே பெரிய பொம்மை. குழந்தை பொம்மையை வாங்கிக்கொள்ளும், அப்பாவைப் பார்க்காது. அப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும். "அம்மா என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தா?" என்று கேட்டுவிடுவார். அவ்வளவுதான், அன்றைய ஒரு மணி நேரம் போயிற்று.

இதையே வேறு விதமாகச் செய்கிற அப்பாக்களும் இருக்கிறார்கள். படம் வரையும் நோட்டுப் புத்தகமும் கிரேயான் டப்பாவும் கொண்டுவந்து, குழந்தையைக் கூப்பிடாமல் தரையில் உட்கார்ந்து தானே வரைய ஆரம்பிப்பார்கள். பதினைந்து நிமிடத்தில் குழந்தை பக்கத்தில் வந்து, "யானைக்கு தும்பிக்கை இப்படியா இருக்கும்?" என்று கேட்கும். அடுத்த வாரம் அதே புத்தகம், விட்ட பக்கத்திலிருந்து. ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு வருடம் என்பது ஆயுளில் ஆறில் ஒரு பங்கு. முதல் நாளே ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். வழக்கைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ தாத்தாவைப் பற்றியோ ஒரு சொல் பேசாதீர்கள். வீடியோ எடுத்து "என் பொண்ணு என்கிட்ட எவ்ளோ சந்தோஷமா இருக்கா பாருங்க" என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள், அது மறுநாளே எதிர்மனுவில் ஆவணமாக வந்து நிற்கும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "நியாயமான பார்வை உரிமை வழங்க வேண்டும்" என்று ஒற்றை வரியில் கேட்பதுதான் வழக்கம். உத்தரவும் அதே மொழியில் வரும். பிறகு நியாயம் எது என்பதில் வாரா வாரம் சண்டை. மனுவின் கோரிக்கைப் பகுதியை நாள்காட்டி மாதிரி எழுதுங்கள். உங்கள் நிலைமைக்கு நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

"முதல் மூன்று மாதங்கள், ஒவ்வொரு மாதமும் முதல் மற்றும் மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை, திருச்சியில் நீதிமன்றம் குறிக்கும் பொது இடத்தில், தாயோ பாட்டியோ பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருக்கலாம். அடுத்த மூன்று மாதங்கள், அதே நாள்களில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை, உடன் யாருமின்றி, திருச்சி மாநகருக்குள். அதன் பிறகு மாதம் ஒரு முறை சனி காலை 10 முதல் ஞாயிறு மாலை 4 வரை, ஸ்ரீரங்கத்தில் மனுதாரரின் சகோதரி வீட்டில் ஓர் இரவு. ஒவ்வொரு புதனும் ஞாயிறும் இரவு 7 மணி முதல் 7.15 வரை வீடியோ அழைப்பு. கோடை விடுமுறையில் மே மாதத்தின் முதல் பத்து நாள். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் மும்மூன்று நாள். பொங்கலும் தீபாவளியும் ஆண்டுக்கு ஒன்றாக மாறி மாறி. பிறந்தநாளன்று மாலை இரண்டு மணி நேரம். குழந்தைக்கு உடம்பு சரியில்லையெனில் முந்தின நாள் இரவு 8 மணிக்குள் வாட்ஸ்அப்பில் தெரிவித்து, அடுத்த சனிக்கிழமை ஈடு செய்ய வேண்டும். பள்ளி மதிப்பெண் அட்டை, மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் நகல் இருவருக்கும்."

உங்கள் சகோதரி ஸ்ரீரங்கத்தில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். இதில் கேட்டது அத்தனையும் கிடைக்காது. இரவு தங்குவதை முதல் சுற்றில் நீதிபதி ஒத்திப்போடலாம். ஆனால் படிப்படியாகக் கேட்பவரை, குழந்தைக்காக யோசிப்பவர் என்று கோர்ட் கவனிக்கிறது. ஒரேயடியாக இடம் மாற்றினால் என்னவாகும் என்பதற்கு அண்மை உதாரணமே உண்டு. தாயிடம் வளர்ந்த ஒரு சிறுவனைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்ன தன் சொந்த உத்தரவை, சிறுவனின் மனநிலை பாதிக்கப்படுவதாக மருத்துவ அறிக்கைகள் வந்ததும், 2025-ல் உச்ச நீதிமன்றமே திரும்ப எடுத்துக்கொண்டது.

இடம் ஏன் திருச்சி என்று உங்களுக்குக் கோபம் வரலாம், மாதம் இரண்டு தடவை நானே அலைய வேண்டுமா என்று. ஆமாம், நீங்கள்தான் அலைய வேண்டும். மதுரையில் தாயோடு இருந்த இரண்டு வயதுக் குழந்தையை, அப்பா பார்ப்பதற்காக ஞாயிறுதோறும் கரூருக்குக் கொண்டுவரச் சொன்ன உத்தரவு ஒன்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போனது. போகவர 300 கிலோமீட்டருக்குப் பக்கம். அப்பா பார்ப்பதற்காகக் குழந்தையின் உடம்பை வதைக்கக் கூடாது என்று சொல்லி, சந்திப்பை மதுரைக்கே மாற்றினார்கள்: ஞாயிறு காலை 10 முதல் 2 வரை, பூங்காவோ கோயிலோ போன்ற பொது இடம், தாய் சுமார் பத்தடி தள்ளி நிற்கலாம். உங்கள் வக்கீலிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். வெள்ளி இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடிகாலையில் திருச்சி, குளித்துச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் போய் நிற்கலாம். அந்த டிக்கெட்டுகளைக் கிழித்துப் போடாமல் ஒரு கவரில் சேர்த்து வையுங்கள்.

வீடியோ அழைப்பைச் சிலர் சின்ன விஷயம் என்று மனுவிலேயே விட்டுவிடுகிறார்கள். உங்களைப்போல் வேறு ஊரில் இருப்பவர்களுக்கு அதுதான் உயிர்நாடி. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பார்வை உரிமையையும் தொடர்பு உரிமையையும் தனித்தனியாகப் பேசி, தூரத்தில் இருக்கும் பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடம் குழந்தையோடு பேச வழி இருக்க வேண்டும் என்றது. அம்மாவின் போன் அடித்தால் எடுப்பாரா என்ற பிரச்சினை வரும். பாட்டி போனையோ, மகளுக்கென்று ஒரு டேப்லெட்டையோ குறிப்பிட்டுக் கேளுங்கள். பேசும்போது பின்னாலிருந்து யாரோ சொல்லிக்கொடுப்பது கேட்கும். கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "கோபத்தில் ஒரே ஒரு தடவை கை வைத்தேன், அதைப் பெரிதாக்கி மகளிர் காவல் நிலையம் வரை போய்விட்டார்கள்." அதைச் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். அது சாதாரணமில்லை. அன்று மகள் வீட்டில் இருந்தாளா? இருந்தாள் என்றால் அவளுக்கு அது நினைவிருக்கும், அறையில் நீதிபதி கேட்டால் சொல்வாள். மனுவில் இதை மறைக்க நினைக்காதீர்கள், புகார் ரசீது எதிர்த்தரப்பில் கட்டாயம் வரும். நடந்ததை ஒப்புக்கொண்டு, முதல் கட்டத்தில் வேறொருவர் முன்னிலையில் பார்க்கச் சம்மதம் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். குழந்தையை ஒப்படைக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் நீங்களும் மனைவியும் நேருக்கு நேர் வராமல், சகோதரியும் பாட்டியும் பார்த்துக்கொள்ளட்டும் என்று கேளுங்கள். அவர் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட்டால், அங்குள்ள மாஜிஸ்திரேட்டும் தற்காலிக கஸ்டடி உத்தரவு போடலாம், குழந்தைக்குத் தீங்கு என்று பட்டால் பார்வை நேரத்தையே மறுக்கலாம். கவுன்சலிங் போய்ச் சான்றிதழ் வாங்குங்கள் என்று சில வக்கீல்கள் சொல்வார்கள். சான்றிதழுக்காக வேண்டாம், உங்களுக்காகவே போங்கள்.

மகளிடமே கேட்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, புத்தியோடு விருப்பம் சொல்லும் வயதுள்ள பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்கிறது. வயது எத்தனை என்று அதில் எழுதவில்லை. ஆறு வயதில் கேட்டால்கூட அதற்கு எடை குறைவு. சேம்பரில் நீதிபதி சாக்லேட் கொடுத்து, பள்ளியில் யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்பதிலிருந்து பேசுவார். "அப்பா கெட்டவங்க, அவங்க மேல சட்ட நடவடிக்கை எடுக்கணும்" என்று ஆறு வயதுக் குழந்தை சொன்னால், அந்த வார்த்தை யாருடையது என்று கண்டுபிடிக்க நீதிபதிக்கு அதிக நேரமாகாது. ஒரு பெற்றோர் மற்றவர் மேல் வெறுப்பைத் திணிப்பதை உச்ச நீதிமன்றம் 2017-ல் ஒரு வழக்கில் விரிவாகப் பேசியது. அங்கே குழந்தையை வைத்திருந்தவர் அப்பா. சின்ன வயதிலிருந்து அவரிடமே வளர்ந்த சிறுமி அப்பாவோடுதான் இருப்பேன் என்றாள். ஒரு வருடம் தாயிடம் இருந்து பார்க்கட்டும் என்று உத்தரவு வந்தது. இந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். உங்கள் மகள் உங்களிடம் வந்த நாள்களில் நீங்கள் அம்மாவைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்பதும் கேட்கப்படும்.

கூட்டுக் கஸ்டடி பற்றி இணையத்தில் நிறையப் படித்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. நம் சட்டப் புத்தகத்தில் அந்தச் சொல் இன்னும் ஏறவில்லை. சட்ட ஆணையம் 2015-ல் தன் 257-ஆவது அறிக்கையில் கூட்டுக் கஸ்டடியையும் எழுத்துபூர்வமான வளர்ப்புத் திட்டத்தையும் பரிந்துரைத்தது, அது சட்டமாகவில்லை. சட்டத்தில் இல்லாவிட்டாலும் உத்தரவாக வந்திருக்கிறது. 2013-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு, வருடத்தின் முதல் பாதி அப்பாவிடம், இரண்டாம் பாதி அம்மாவிடம் என்று பிரித்துக் கொடுத்தது. இரு வீடும் ஒரே ஊரில், ஒரே பள்ளிக்குப் போகிற தூரத்தில் இருந்தால் மட்டுமே இது நடக்கும் என்பது என் கருத்து. சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பாதிப் பாதியாகப் பிரிக்க எந்த நீதிபதியும் துணியமாட்டார், துணியவும் கூடாது. திருச்சிக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போக உங்கள் கம்பெனியில் வழியிருந்தால், எந்த வாதத்தையும்விட அது உங்கள் வழக்கை மாற்றும். வாரத்தில் சில நாள் பள்ளியிலிருந்து கூட்டி வரும் வேலையையே அப்போது கேட்கலாம்.

உத்தரவு வந்தும் குழந்தையைக் கொண்டுவரவில்லை என்றால்? முதல் தடவையே அவமதிப்பு மனு போடச் சொல்லித் துள்ளாதீர்கள். குழந்தைகளுக்கு உண்மையிலேயே காய்ச்சல் வரும். குறித்த இடத்துக்குப் போய், குறித்த நேரம் முடியும் வரை இருந்து, "வந்தேன், காத்திருந்தேன், அடுத்த சனிக்கிழமை பார்க்கிறேன்" என்று கோபமில்லாமல் ஒரு செய்தி அனுப்புங்கள். தொடர்ந்து நடந்தால், அந்தச் செய்திகளையும் டிக்கெட்டுகளையும் இணைத்து நிறைவேற்று மனு போடுங்கள்; ஈட்டு நாள்களும் கேட்கலாம். வேண்டுமென்றே மீறுவது நிரூபணமானால் உயர் நீதிமன்றத்தில் அவமதிப்பு வழக்கு நிற்கும், ஆறு மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். நடைமுறையில் ஒரு தாயை அதற்காக உள்ளே அனுப்புவது அபூர்வம். அம்மா ஜெயிலுக்குப் போனதை எந்த மகளும் அப்பாவுக்காக மன்னிக்கவும் மாட்டாள். மீறல்கள் பதிவில் ஏறுவதால் வரும் பலன் வேறு: கஸ்டடியை மாற்றிக் கேட்கும்போது, மற்ற பெற்றோரோடு குழந்தையை யார் சேரவிடுகிறார் என்பதும் ஒரு கேள்வி.

இன்னும் ஒன்று, மனைவிக்கு வெளிநாட்டில் வேலை தேடுவதாகக் கேள்விப்பட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். பெற்றோர் இருவரின் சம்மதம் இல்லாமலும், ஒருவர் மட்டும் உறுதிமொழி கொடுத்துக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பிக்கப் படிவம் உண்டு. ஆகவே நீதிமன்ற அனுமதியின்றிக் குழந்தையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற கோரிக்கையை இதே இடைக்கால மனுவில் சேர்த்துவிடுங்கள். கடத்தப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அந்த வழியில் உதவி கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆனால் அவர் வேலைக்குப் போவதையே தடுக்கும் நோக்கில் இதைக் கேட்காதீர்கள். போனால் விடுமுறையில் எத்தனை வாரம் உங்களிடம், டிக்கெட் செலவு யாருடையது என்று பேசத் தயாராக இருப்பதாக ஒரு வரி சேர்த்தால் போதும்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது திருமணச் சான்று, மகளின் பிறப்புச் சான்று, பணம் அனுப்பிய வங்கிப் பதிவுகள், எடுக்காத அழைப்புகளின் பட்டியல், மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த காகிதம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஜீவனாம்சக் கேள்வியும் கூடவே வரும் என்பதால், 2020-ல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிய சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரத்தையும் இப்போதே தயார் செய்யத் தொடங்குங்கள், அதில் ஒரு கணக்கை மறைத்தாலும் மீதி எல்லாவற்றிலும் உங்கள் பேச்சு எடுபடாது. கோடை விடுமுறைப் பத்து நாள் வரும் வருடமே வேண்டும் என்றால் காலம் கடத்தாதீர்கள். நோட்டீஸ் எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்து, எதிர்மனு வந்து, கவுன்சலிங் முடிந்து, உத்தரவு வரச் சில மாதங்கள் பிடிக்கும், மே மாதத்தில் நீதிமன்றங்களுக்கும் விடுமுறை. பொங்கல் முடிந்த கையோடு மனு எண்ணாகியிருந்தால்தான் ஏப்ரலில் பள்ளி மூடுவதற்குள் கையில் காகிதம் இருக்கும்.